நடு பெர்த்துக்காரர்

சென்னையிலிருந்து பாறசாலைக்கு வரும் ரயிலில் எனக்கு மேலே, நடு பெர்த்தில் படுத்திருந்த அந்த வழுக்கைத் தலைக்காரரை இன்றும் பொறாமையில்லாமல் நினைக்க முடியவில்லை. ஏறியதும் யார் யார் எங்கே இறங்குகிறோம் என்று விசாரித்தார். நான் பாறசாலை என்றேன். தானும் அங்கேதான் என்றார். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தார், உடனே குறட்டை. ரயிலில் படுக்கை வைக்க முதலில் நினைத்தவன் இவருக்காகத்தான் நினைத்திருப்பான்.

எனக்கோ, இறங்கும் ஊரை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கண் மூடாது. விடிந்தும் அவர் எழவில்லை. அவர் எழாமல் நடு பெர்த்தை மடக்க முடியாது. நாகர்கோவில் தாண்டியும் கீழே கூனிக்கொண்டே வந்தேன். குழித்துறை தாண்டியதும் ஆத்திரத்தோடு உலுக்கினேன்.

"பாறசாலை வரப்போவுது அண்ணாச்சி! ஒங்களுக்குப் பயமே கெடையாதா?"

கொட்டாவி விட்டார். "எதுக்கு மக்கா? ஏறும்பளே ஒன் மொகத்தப் பாத்தேன். நீ ஒறங்குத ஆளில்லண்ணு மனசிலாச்சு. எழுப்ப ஆளு உண்டு, பின்ன நான் எதுக்கு முழிக்கணும்?"

அடுத்த பயணத்தில் நானும் பெட்டி முழுக்க அப்படியொரு தூங்காத முகத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் என்னிடம் வந்து, "பாறசாலையில ஒண்ணு எழுப்பணும், கேட்டியளா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.