சீனாக்காரர் அடித்த ஒரே பந்து

1930களில் எங்கள் குளச்சலுக்குப் பட்டுத்துணி விற்க ஒரு சீனாக்காரர் சைக்கிளில் வருவார். ஊர் ஊராகச் சுற்றியதில் தமிழ் பழகியிருந்தார். கடற்கரையில் நாங்கள் கால்பந்து விளையாடுவதைப் பார்த்து ஒருநாள் வண்டியை நிறுத்தினார். தம் ஊரில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி ஏகப்பட்ட கோல் போட்டவராம். வரும்போதெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டார்.

பந்து போகிற இடத்துக்கெல்லாம் மொத்தப் பேரும் மொய்த்துக்கொண்டு ஓடுவது எங்கள் வழக்கம். அவர் கரமடி வலை இழுப்பவர்களைக் காட்டினார். இரண்டு கூட்டம் வெகுதூரம் தள்ளி நின்று, வலையின் இரண்டு கயிறுகளையும் இழுத்தபடி மெல்ல நெருங்கி வந்தது.

"எல்லாரும் ஒரே கயித்துல தொங்கினா மீன் வருமா?" என்றார்.

அந்த வலையை நித்தம் இழுக்கிற எங்களுக்கு இது தோன்றவேயில்லை, பாருங்கள்!

ஆனால் அவர் மட்டும் பந்தைத் தொடவே மாட்டார். எனக்கு அதுதான் குடைச்சல்.

"மக்கா, ஆளு புளுவுதாரோ?" என்றான் எங்கள் கோல்காவலன்.

"ஏலே, நீ மாறி நில்லு, பாத்துருவோம்" என்று அவனை விலக்கிவிட்டுப் பந்தை அவர் காலடிக்கு உருட்டினேன். இரண்டு துடுப்புகளை நட்டுவைத்த கோல், கடலுக்கு முன்னால் திறந்து கிடந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். ஓடிவந்து ஓங்கி அடித்தார். பந்து துடுப்புகளுக்கு மேலே பறந்து கடலில் விழுந்தது.



"ஊர்ல ஆடின கடைசி வருஷம் அடிச்சதெல்லாம் இப்படித்தான் போச்சு. அப்புறம்தான் துணி விக்க வந்தேன்" என்றபடி, கால்சட்டையை மடித்துக்கொண்டு அவரே பந்தை எடுக்கக் கடலில் இறங்கினார்.