ஏரியில் நான் எடுத்த மண்

இந்த ஊரில் புகை வாசனை வந்தால் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள். நான் இங்கே வந்த முதல் கோடையில் அது எனக்கு விநோதமாக இருந்தது. ஒரு பிற்பகலில் எங்கள் தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். முகத்தைத் தூக்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, யாருக்கு என்ன தெரியும் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மார்கரெட் அம்மையார் என் கதவைத் தட்டி, "எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அப்போது உள்ளே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஆவடிப் பக்கம் வளர்ந்தவனுக்கு அதுதான் பழக்கம். புகை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், மாடியில் காயும் துணியை எடுத்து வருவோம். எங்கிருந்து என்று கேட்கமாட்டோம். கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் உள்ளே, காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஊரைச் சுற்றி ஒரு மரக்கூழ் கம்பெனியின் தோப்புகள். ப்ளூகம் என்கிறார்கள், நம்மூர்த் தைலமரத்துக்குச் சொந்தக்கார மரம். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கம்பெனிதான் சோறு போடுகிறது. மீதிப் பேர் அந்தத் தோப்புகளைக் கண்டு பயப்படுகிறார்கள். ஓடைகள் வற்றிப்போனதற்கும் தீ இவ்வளவு வேகமாக ஓடுவதற்கும் அவைதான் காரணம் என்பார்கள். கடையில் ரொட்டி வாங்க நிற்கும் வரிசையில்கூட இந்தப் பேச்சு வரும். நான் எந்தப் பக்கமும் பேசமாட்டேன்.

சென்ற கோடையில் அந்தத் தோப்பில் கிளம்பிய தீ இரண்டு வீடுகளையும் ஏகப்பட்ட ஆடுகளையும் தின்றது. மனித உயிர் போகவில்லை. ஆற்றோரம் கூடாரம் போட்டிருந்த வெளியூர்க்காரர்கள் அடுப்பை அணைக்காமல் போனார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, இரண்டு நாளில் அதுவே உண்மையாகிவிட்டது. ஊர்ப் பொதுமண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்று கம்பெனி சார்பில் வந்த பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் கோலின் எழுந்து நின்றார். தோப்பில் ஒப்பந்தத்துக்குப் புல் வெட்டுகிறவர், அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"அது நான்தான்" என்றார். "டிராக்டர் பிளேடு கல்லில் பட்டுப் பொறி பறந்தது. அன்றைக்கு டோட்டல் ஃபயர் பான், வெளியில் தீப்பொறி எழும் எந்த வேலைக்கும் தடை. இயந்திரத்தை எடுத்திருக்கவே கூடாது. கம்பெனி அன்றைக்குள் முடிக்கச் சொன்னது. ஆனால் டிராக்டரை ஓட்டியது நான்."

யாரும் கை தட்டவில்லை. வீடு எரிந்த பெண் எழுந்து வெளியே போய்விட்டார். கோலின் உட்காரவும் தெரியாமல் போகவும் தெரியாமல் நின்றார். கூட்டம் கலைந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே தனியாக நின்ற அவரிடம் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "எங்கள் ஊரிலும் ஒரு முறை தீப்பிடித்தது. நான் அங்கே இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து, "யூ புவர் பக்கர்" என்றார். அட பாவமே என்பதுபோல ஒரு வார்த்தை அது. தீயில் எதையோ பறிகொடுத்துவிட்டு இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தவன் என்று என்னை நினைத்துவிட்டார். இல்லை, நீங்கள் நினைப்பதுபோல இல்லை என்று சொல்ல இரண்டு வாக்கியம் போதும். நான் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் மார்கரெட் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் லசான்யா செய்து கொண்டுவந்தார். "கோலின் சொன்னான். எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் மனைவி அனிதா, "எந்தத் தீ?" என்று கேட்டாள். "ஊர்ல, ரொம்ப நாள் முன்னாடி" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் அதைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.

அந்தத் தீயைப் பற்றி இப்போது எழுதுகிறேன். என் அப்பா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம், அவர் ஓய்வு பெற்றதும் கோவில்பதாகையில் வீடு கட்டினார். நான் வேதியியல் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். வழக்கு நடப்பதால் அதன் பெயரை எழுதவில்லை. பெயின்ட் செய்து மிஞ்சும் கழிவுக்குழம்பை முறையாக அழிக்கச் செலவாகும். எங்கள் கம்பெனி அதை டிரம்மில் அடைத்து, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஏரியின் வற்றிய பகுதியில் கொட்டிவந்தது. எனக்கு அது தெரியும். வேலைக்குப் போகும் வழியில் அதன் வாசனையைக் கடந்துதான் போவேன்.

ஒரு மே மாதப் பிற்பகலில் ஏரிக்குள் காய்ந்து நின்ற கோரை பற்றிக்கொண்டது. கரையோரம் குடிசை போட்டு எருமை வளர்த்த கஜேந்திரனின் தொழுவம் எரிந்தது. கன்றை அவிழ்த்துவிடப் போன அவர் மனைவி தனத்துக்கு இரண்டு கையும் வெந்தது. இரண்டு எருமைகள் செத்தன. சாதாரணப் புல் அப்படி எரியாது. கரும்புகை, நடுவே பச்சையாக ஒரு ஜுவாலை. மூன்றாவது தெருவிலிருந்த ஸ்டெல்லா டீச்சர் அதைப் படம் எடுத்து, கம்பெனிக் கழிவுதான் காரணம் என்று மனு கொடுத்தார். விசாரணை வந்தது. கம்பெனியே தன் ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சோதித்து அறிக்கை தரலாம் என்றார்கள்; அந்த வேலை என்னிடம் வந்தது. "சாம்பிளை நீயே எடுத்துடுப்பா. எங்க எடுக்கணும்னு உனக்கே தெரியும்" என்றார் மேனேஜர். வேறெதுவும் சொல்லவில்லை.

எரிந்த இடத்தைத் தாண்டி, காற்றுக்கு எதிர்ப்பக்கம், டிரம் ஒருபோதும் போகாத மேட்டில் போய் நின்றேன். தரை இறுகிக் கிடந்தது. சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த கஜேந்திரன் என்னைப் பார்த்து ஓடிவந்து கடப்பாரையைக் கொடுத்தார். "நல்லா ஆழமா தோண்டி எட்து பாரு சார். இன்னா கீதுன்னு தெரியட்டும்" என்றார். அவர் கடப்பாரையால் தோண்டி மூன்று பாட்டிலில் சுத்தமான மண்ணை எடுத்தேன். ரசாயனம் எதுவும் இல்லை, காய்ந்த புல் எரிந்த சாம்பல் மட்டுமே என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணையில் கேட்டபோது, புதுப் புல் முளைக்க கஜேந்திரன் வருடா வருடம் கோரையைக் கொளுத்துவார், ஊருக்கே தெரியும் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். அவரை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். ஏரிப்பக்கம் போகக் கூடாது என்றார்கள். மிச்ச எருமைகளை விற்றுவிட்டு அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனது. ஒன்றரை வருடம் கழித்து, சுற்றுச்சூழல் பரிசோதனையில் தேர்ந்தவர், நேர்மையானவர் என்று கம்பெனி எனக்கு அனுபவச் சான்றிதழ் தந்தது. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் விசா வாங்கினேன். அதை வைத்துத்தான் இந்த ஊரின் தண்ணீரைச் சோதிக்கிறேன்.

லசான்யா தீர்ந்த பிறகு பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரமே ஊருக்கு டிக்கெட் போட்டேன். தனியாகத்தான் போனேன். ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போய், கஜேந்திரன் எங்கே என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கரையான்சாவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்றார்.

காலை பத்து மணி. நீலச் சட்டையோடு கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றார். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"இன்னா சார், ஃபாரின்ல கீறேன்னு சொன்னாங்க. எப்ப வந்த? ஒக்காரு."

நான் உட்காரவில்லை. மண்ணை எங்கே எடுத்தேன், ஏன் அங்கே எடுத்தேன், டிரம்மில் என்ன இருந்தது என்று வரிசையாகச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நான்தான் கொளுத்திட்டேன்னு நென்ச்சிகினு இருந்தேன் சார்" என்றார் மெதுவாக.

எனக்குப் புரியவில்லை.

"அதுக்கு மூணு நாள் முன்னாடி அந்தாண்ட ஓரமா கொஞ்சம் புல்ல கொளுத்தினேன். தண்ணி ஊத்தி அணைச்சிட்டுதான் வந்தேன். ஆனா நீ படிச்சவன், மண்ண தோண்டி பாத்து எழுதிட்ட. அப்ப நெருப்பு உள்ள இருந்திருக்கும் போலன்னு நென்ச்சிட்டேன். தனத்துக்கு கை ரெண்டும் வெந்துபோச்சி. நெறைய பேர் ஊட்ல வேல செஞ்சவ, அப்பால ஒரு பாத்திரம் தேய்க்க முடில. ஒரு நாளும் என்ன ஒரு வார்த்த கேக்கல சார். கேட்டிருந்தா கூட பரவால்ல. போன வருசம் போய்ட்டா. போறப்பகூட என்ன மன்னிச்சிடுன்னுதான் சொன்னேன்."

ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் போய் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது?" என்றார். "ஸ்டெல்லாம்மா கேஸ் போட்டுகீது. இன்னும் அங்கதான் கொட்டுறானுங்களாம். அங்க போய் சொல்லு. எழுதிக் குடு. நீதான் நல்லா எழுதுவியே."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

என் தம்பி சேகர் கோவில்பதாகை வீட்டில் இருக்கிறான். அதே கம்பெனிக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பதுதான் அவன் தொழில். வாக்குமூலம் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

"நீ சொல்லிட்டு பிளேன் ஏறிடுவண்ணே. நான் இங்கதானே இருக்கணும். என்கிட்ட பதினாலு பேர் வேலை செய்றாங்க. அவங்களுக்கு யார் பதில் சொல்றது? உனக்கு மனசு ஆறணும்னா செய். இந்த ஊட்டு அட்ரஸ மட்டும் அதுல போடாத."

அவன் சொன்னதில் தவறில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழ வேண்டிய தேவை அவனுக்கு இருக்கிறது. எனக்கு அந்தத் தேவை இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்ட குடும்பமில்லை நாங்கள். மேனேஜர் மிரட்டக்கூட இல்லை. அவருக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பூந்தமல்லியில் ஸ்டெல்லா டீச்சரின் வக்கீல் அலுவலகம். "பொய் அறிக்கை கொடுத்ததா நீங்களே எழுதித் தர்றீங்க. உங்க மேலயும் வரும். அங்க உங்க வேலைக்கும் வரலாம்" என்று வக்கீல் எச்சரித்தார். தெரியும் என்றேன். அனிதாவிடம் முந்தின நாள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மார்கரெட்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொல்லமாட்டேன்" என்றாள். திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் இன்னும் பரிவோடுதான் கையசைக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று வக்கீல் அலுவலகத்தில் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்த பெண் என் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டுவிட்டு, "வசிக்கும் முகவரி சார்?" என்றார். வாய் தானாகக் கோவில்பதாகைக் கதவிலக்கத்தைச் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். "உள்ளூர் அட்ரஸ் இருந்தா நல்லது. இல்லன்னா வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம ஊரைப் பத்திச் சொல்றான்னு எதிர்த்தரப்பு பேசும்" என்றார் கூட வந்திருந்த டீச்சர். உள்ளூரில் எனக்கு அட்ரஸ் இல்லை என்றேன். ஆஸ்திரேலிய முகவரியை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு முறை திருத்தினார்.

அச்சடித்த தாளை வாங்கிப் படித்தேன். என் பெயருக்குப் பின்னால், 'மேற்படி முகவரியில் வசிப்பவரும், தற்காலிகமாகப் பூந்தமல்லிக்கு வந்திருப்பவருமான நான்' என்று இருந்தது. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். தட்டச்சு செய்த பெண் தப்போ என்று எட்டிப் பார்த்தார்.

"எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தான் சார் போடுவோம். ஆவடியிலிருந்து வர்றவங்களுக்கும் அதேதான்" என்றார்.

நான் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் இருக்கிறதே, இரண்டும் ஒத்துப்போக வேண்டுமே என்றார் வக்கீல். அதனால் பக்கத்திலேயே இன்னொரு முறை, ஆங்கிலத்திலும் போட்டுக் கொடுத்தேன்.