அடிபிடித்த மீஹூன்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரம் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் போட்ட அன்னதானப் பந்தலில் அப்பா இருந்தார், சமையலுக்குப் பொறுப்பான கீழ்வீட்டு அக்கா இருந்தார், அக்கம்பக்கத்தார் ஒன்பது பேர் இருந்தார்கள், நான் இருந்தேன். அம்மா மட்டும் இல்லை. ஜுருவில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. வருடா வருடம் பெரிய குவாலிச் சட்டியை விட்டு நகராமல் மீஹூன் என்ற அரிசிச் சேமியாவைப் பிரட்டுவது அம்மாதான்.

எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அலுவலக வேலையும் கிடைத்திருந்தது. அதுவரை பந்தலில் சட்டி கழுவியவனை அந்த வருடம் அப்பா முழுக்கைச் சட்டை போட வைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்திவிட்டார்.

கோஸ் நறுக்கப் போனேன்.

"ஐயையோ, நீங்க உக்காருங்க தம்பி. சட்டையில கறை பட்டுரும்லா," என்றார் அக்கா. போன வருடம்வரை என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர்.

அப்பாவிடம் முறையிட்டேன். "நான் லோரி ஓட்டுனது நீ சட்டி கழுவவா? சும்மா இரு."

அவருக்குப் பெருமை. எனக்கோ சொந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது போலிருந்தது. இவர்களில் ஒருவன் இல்லையென்றால் நான் யார்?

மீஹூன் அடுப்பில் இருக்கும்போதே ரதம் நெருங்கியது. உறுமிச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் சாலைக்கு ஓடினோம். கரண்டியை யாராவது பிடித்திருப்பார்கள் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. எப்போதும் பிடித்திருக்கும் கை அன்று ஜுருவில் இருந்தது. தேங்காய் உடைத்துக் கும்பிட்டுத் திரும்பினால் பந்தல் முழுக்கப் புகை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "டேய்! மரம் மாதிரி நிக்கிறியே, அடுப்ப அணைடா!"

ஓடி அணைத்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கருகிய குவாலியைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

"உன் டிகிரிய காட்டு, கறை தானா போயிரும்," என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

அப்பா பக்கத்தில் வந்தார். பிறகு குனிந்து குவாலியின் மறு காதைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஓரத்துல இன்னும் இருக்கு பாரு."

மீஹூன், எண்ணெய், காய் எல்லாம் மறுபடி வாங்க வேண்டும். நானே தருகிறேன் என்று பர்ஸை எடுத்தேன்.

"ஏன், நீ பெரிய தவுக்கேயா, முதலாளியா?" என்றார் அக்கா. "எல்லாரும்தான ஓடுனோம்? தலைக்கு இருபது. நீயும் இருபதுதான், எடுடா."

கொடுத்தேன். என் நோட்டின் மேல் அப்பா தன் நோட்டை வைத்தார். மொத்தம் இருநூற்று நாற்பது வெள்ளி.