சோப்பில் வந்த கூட்டல் குறி

சர்க்யூட் போர்டுத் தொழிலில் வட்டத் துளை கேட்கிறவர் வாடிக்கையாளர். வேறு வடிவத்தில் கேட்கிறவர் சோதனை. அடுத்தவர் வரைந்ததை வைத்து வேலை செய்கிற உங்களுக்கும் இது பழகியிருக்கும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு வரும் வரைபடங்களைச் சரிபார்த்து மெஷினுக்கு அனுப்புவது என் வேலை.

காலின் வடிவம்

இருங்காட்டுக்கோட்டையில் சின்ன யூனிட் நடத்தும் சுமதி, மின் ஸ்கூட்டர் சார்ஜருக்கு போர்டு கேட்டிருந்தார். நான்கு துளைகள் கூட்டல் குறி வடிவில் இருந்தன. வட்டமாகப் போடலாமே என்று போனில் சொன்னேன். போர்டில் பொருத்தும் சாக்கெட்டின் கால் கூட்டல் குறி மாதிரி, வட்டத் துளையில் ஆடும், குலுக்கல் சோதனையில் தோற்றால் ஸ்கூட்டர் கம்பெனி ஆர்டர் போய்விடும் என்றார். நான் விடவில்லை.

"காலு அப்பிடி கீது சார். உங்க வசதிக்கு அத்த வெட்டிக்கவா?"

கடைசியில் வெட்டியது

துளை போட்ட பிறகு போர்டைச் செம்புக் குளியலில் இறக்குவோம். துளையின் உள்சுவரில் ஏறும் செம்பில்தான் காலைப் பற்றவைக்கும் ஈயம் பிடிக்கும். போர்டின் ஓரம் வெட்டுவது கடைசி வேலை. சுமதி கூட்டல் குறிகளை ஓரக்கோட்டோடு சேர்த்து வரைந்திருந்தார். மெஷின் அவற்றையும் கடைசியில் வெட்டிவிட்டது; உள்ளே செம்பு ஏறவில்லை. செம்பு வேண்டுமென்று அவர் எழுதவில்லை. காலுக்காகச் சண்டை போட்டதில் நான் கேட்கவில்லை. சூப்பர்வைசர் பால்ராஜ், திருநெல்வேலிக்காரர், போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அளவு சுத்தமா இருக்கு அண்ணாச்சி. கயிறு கோத்து கழுத்துல மாட்டிக்கிடலாம், கரண்டுதான் போவாது."

குளியல் சோப்பு

இன்னொரு முறை தவறினால் ஸ்கூட்டர் கம்பெனி ஆர்டர் கிடையாது. சுமதி நேரிலேயே வந்துவிட்டார். புது வரைபடத்தில் கூட்டல் குறிகள் ஓரக்கோட்டை விட்டு மற்றத் துளைகளோடு சேர்ந்திருந்தன. 'உள்ளே செம்பு வேண்டும். கொடுத்திருப்பது செம்பு ஏறிய பிறகு இருக்கவேண்டிய அளவு' என்றும் எழுதியிருந்தார்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு குளியல் சோப்பை எடுத்தார். அதில் சாக்கெட்டின் காலை அழுத்திப் பதித்து, பள்ளத்தின் நான்கு முனைகளையும் பேனா ரீஃபிலால் வட்டமாகக் குடைந்திருந்தார். மெஷினில் சுழன்று வெட்டும் பிட்டால் சதுர மூலை வெட்ட முடியாது என்று நான் சொல்ல நினைத்ததை அவர் சோப்பிலேயே முடித்துவிட்டார். இவ்வளவு தெளிவான வரைபடம் என் மேஜைக்கு வந்ததில்லை. பால்ராஜ் சோப்பை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலையை முடித்தார்.

சோதனை முடிந்ததும் சுமதி போன் செய்தார்.

"குலுக்கிப் பாத்தாங்க சார், இம்மி கூட ஆடல. ஆர்டர் நமக்குத்தான். அந்த சோப்பக் குடுத்தனுப்புங்க, வூட்ல தேடிக்கினு கீறாங்க."

இப்போதெல்லாம் வட்டமில்லாத துளை கேட்டு யார் வந்தாலும், வரைபடத்தை வாங்கும் முன் சோப்பு கொண்டுவந்திருக்கிறார்களா என்று அவர்கள் கையைப் பார்க்கிறேன்.