விளக்கு வைப்பதற்குள் ஒரு பந்தி

போன வாரம் சேத்துப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. சாயங்காலம் ஐந்து மணி தாண்டியிருக்கும். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து நெய்யில் சீரகமும் பெருங்காயமும் பொரிகிற வாசனை வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த உறவுக்கார அம்மாள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "பொழுது சாயறதுக்குள்ள பந்தி போட்டுடுவீங்களாப்பா?" என்று கேட்டார். "ஏழு மணிக்குதாங்க டிபன்" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். அம்மாள் கைப்பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வாய் பழத்தைத் தின்றது. மனசு அந்த நெய் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆரணியில் நான் வளர்ந்த வீட்டுக்குப் போய்விட்டது.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள்; ஊரில் நயினார் என்பார்கள். இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். "ராத்திரி பசிக்காதாடி?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். பசிக்கும். எனக்கு எல்லா நேரமும் பசிக்கும், அது வேறு கதை. ஆனால் இந்த வழக்கத்தால் ஒரு நன்மை இருந்தது. யார் எங்கே இருந்தாலும் வெளிச்சம் போவதற்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அப்பாவுக்கு அரிசி மில்லில் கணக்கு வேலை. சித்தப்பா பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளர். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் கடையை நிறைத்திருந்தாலும், "நயினாரு சாப்பாட்டுக்குப் போவட்டும்" என்று முதலாளியே அனுப்பிவைப்பார்.

நான் ஏழாவது படித்தபோது அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. வந்தவாசிப் பக்கம் இருந்த எங்கள் கழனியை விற்றுச் சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்றார் சித்தப்பா. அப்பா விடவில்லை. பேச்சு முற்றி, கழனி இரண்டானது. அதோடு நிற்காமல் வீட்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஈர சிமெண்ட் வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. புது வீடு பார்க்கப் போனால் மூக்கை மூடிக்கொள்கிற ஒரே ஆள் நான்தான்.

சுவர் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வாசலுக்கு வந்தபோது அம்மாவும் சித்தியும் குறுக்கே வந்து நின்றார்கள்.

"செவுரு இதோட நிக்கட்டும்" என்றார் அம்மா. அதிகம் பேசாதவர்.

சித்தி அவருக்கும் சேர்த்துப் பேசினார். "கழனிய பிரிச்சிக்கினீங்க, வூட்ட பிரிச்சிக்கினீங்க. அடுப்பு ஒண்ணுதான். ஒரே பந்திதான். வர்றவங்க வாங்க, இல்லன்னா தண்ணி குடிச்சிட்டுப் படுங்க."

மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா முதல் நாள் வேண்டுமென்றே இருட்டிய பிறகு வந்தார். சித்தப்பாவும் வரவில்லை. இரண்டு பெண்களும் பிள்ளைகள் எங்களுக்குப் போட்டுவிட்டுத் தாங்கள் சாப்பிடாமலே பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்கள். மறுநாளும் அப்படியே. "நீயாவது சாப்பிடேன்" என்று அப்பா கெஞ்சினார். "பந்தி கூடட்டும், சாப்பிடறேன்" என்றார் அம்மா. மூன்றாம் நாள் இரண்டு ஆண்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளிச்சத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் நான். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அப்பளம் இரண்டு பக்கமிருந்தும் வரும்.

வந்தார்களே தவிர, பேசவில்லை. மாதக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே குண்டானிலிருந்து கூட்டும் ரசமும் சாப்பிட்டு, ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. மத்தியானத்திலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. நாங்கள் பாதிச் சாப்பாட்டில் இருந்தோம். அப்பா அப்போதுதான் நனைந்துகொண்டு வந்தார். இலையில் சோறு விழுந்ததும் வெளியே எட்டிப் பார்த்தார். பொழுது இருக்கிறதா, போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் சாப்பிடக் கூடாது.

"எனக்கு வேணாம். பொழுது போயிடுச்சி" என்று எழுந்தார்.

சித்தப்பா பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அப்ப எனக்கும் போயிடுச்சிண்ணா" என்று அவரும் எழுந்தார்.

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அத்தனை மாதத்தில் சித்தப்பா "அண்ணா" என்று சொன்னது அன்றைக்குத்தான். அப்பா தம்பியின் இலையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்குடா எழுந்துக்கற? பாதி சோறு கெடக்குது. இரு, பாத்துட்டு வரலாம்."

இரண்டு பேரும் மழையில் தெருமுனைக்கு ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். மேற்கே பார்த்துக்கொண்டு, அங்கேயே ஒரு வாக்குவாதம். "அது மின்னலுடா." "மின்னல் இவ்ளோ நேரம் நிக்குமா? நல்லா பாருண்ணா." மேகத்துக்கு அடியில் மஞ்சளாக ஒரு கீற்று நிஜமாகவே இருந்தது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். "ஜல்தி, ஜல்தி!" என்று சித்தி விரட்ட, இரண்டு பேரும் சிரித்துப் புரையேறச் சாப்பிட்டார்கள். அம்மா பின்கட்டுக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மோர் ஊற்றினார்.

சித்தப்பா தன் பங்கை விற்றுக் கடை வைத்தார். கல்லாவில் உட்கார அப்பாவைத்தான் கூப்பிட்டார். சுவரை யாரும் இடிக்கவில்லை; அதில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டினோம்.

அப்பா, சித்தப்பா, அம்மா மூவரும் இப்போது இல்லை. வீட்டையும் விற்றாகிவிட்டது. சித்தி வேலூரில் மகனோடு இருக்கிறார். மகனுக்கும் மருமகளுக்கும் மாறி மாறி ஷிப்ட். "தனியா சாப்பிட்டா உப்பு ஒரைக்கிதா இல்லியான்னே தெரியலம்மா" என்றார் ஒருநாள். நானும் அதே ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் என் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "யாரு வருவாங்க?" என்றார் சித்தி. "யாரும் வரலன்னா நீங்களும் நானும்" என்றேன்.

முதல் ஞாயிறு நாங்கள் இருவர்தான். அடுத்த வாரமும் அப்படியே. நான் விடவில்லை. இப்போது சித்தியின் மகன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வருகிறான். பெங்களூரிலிருந்து என் தம்பி முடிந்தபோதெல்லாம் வருகிறான். வராதவர்களுக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன்.

அந்த அடுப்பு போய்விட்டது. அதற்கு முன்னால் குறுக்கே நின்ற இருவரில் ஒருவர்தான் மிச்சம். அவரை வரிசையில் முதலில் உட்கார வைத்துவிட்டு, அம்மா நின்ற இடத்தில் நான் கரண்டியோடு நிற்கிறேன்.