கரீட்டாத்தான் கீது, கஸ்தூரி

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பஸ் நின்றபோது நம் பழைய கால் சென்டர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. நம் கஸ்தூரி மாரடைப்பில் போய்விட்டாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிறவளா அவள்?

அவளும் நானும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தோம். ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. கேன்டீனில் நான் “வெஜிடேபிள் பிரியாணி” என்று கேட்டால் பின்னாலிருந்து குரல் வரும்: “டேபிளைத் தூக்கிப் போடு. வெஜ்டபிள்!”

“நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தானே சொல்றோம்? வெள்ளைக்காரனுக்குப் புரிஞ்சா போதாதா?” என்பேன்.

“அவனுக்குப் புரியலன்னுதானே நமக்குச் சம்பளம் குடுக்கறாங்க!” என்பாள்.

தமிழ் என்று வந்தால் இருவரும் கட்சி மாறிவிடுவோம். அவள் கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். ஆபீஸிலும் ‘இன்னா’, ‘கீது’தான். அதெல்லாம் வீட்டோடு இருக்கட்டும் என்பது என் வாதம். “இங்கிலீஷ் வேலைக்காவ கத்துகினது, ரூல்ஸ்படி பேசணும். தமிழு எங்கம்மா குட்த்தது. அதுக்கு இன்னாத்துக்குடி ரூல்ஸு?” என்று சிரிப்பாள்.

தலைமைப் பயிற்சியாளர் வேலைக்காக அவள் மாதிரி வகுப்பு எடுத்த நாள் உங்களுக்கும் நினைவிருக்கும். தேர்வாளர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவள் அம்மாவின் போன். “இன்னாம்மா, போட்டு வந்துட்ச்சா? வவ்வாலு மீனு கீதா? எனக்கு ரெண்டு எட்த்து வையி” என்றாள், அறை முழுக்கக் கேட்க.

“இப்படிப் பேசறவங்க எப்படிம்மா உச்சரிப்பு சொல்லித் தருவீங்க?” என்றார் தேர்வாளர்களில் ஒருவர்.

“கிளாஸ்ல எந்த வார்த்தை தப்புன்னு சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். எங்கம்மாகிட்ட பேசினது கரீட்டாத்தான் கீது.”

முடிவை அறிவிக்காமல் இழுத்தடித்தார்கள். ஒரு சாரி சொல்லிவிடு என்று கெஞ்சினேன். “அந்த வார்த்தையை அழகா சொல்லுவேன், ஆனா இதுக்குச் சொல்லமாட்டேன்” என்றாள். கடைசியில் வேலை அவளுக்கே கிடைத்தது. நம் எல்லோருக்கும் வவ்வால் வறுவல் கிடைத்தது.

நேற்று கோவளம் போயிருந்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ எந்தூரும்மா?” என்று கேட்டார். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வெளியாட்கள் முன் நான் பேசாத பேச்சு தானாக வந்தது.

“முடிச்சூர்லதாம்மா கீது எங்க வூடு. உம் பொண்ணுகூட சண்ட போட்டுகினே வேல பாத்தேன்.”

“அவளா நீ?” என்று அழுகையோடு சிரித்தார் அந்த அம்மா. “தெனம் உன்னப் பத்திதான் சொல்லிகினு கெடப்பா!”

கஸ்தூரி எனக்கு விட்டுப்போனது என்னுடைய பேச்சையே. இனி யார் எதிரிலும் அதை ஒளிக்கமாட்டேன்.