காதில் ஊற்றிய ஆயில்

"நாலெழுத்து படிச்சிட்டா நாய்க்கு எங்க வலிக்குதுன்னுகூட தெரிஞ்சிடுமாம்மா?"

கேட்டவர் எங்கள் தெருமுனையில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் மாமா, அம்மாவின் தம்பி. டீ குடித்துக்கொண்டிருந்த டிரெய்லர் டிரைவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்தவள். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று மாமாவின் கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கடித்தது எங்கள் நாய்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் தெரு எங்களுடையது. ஒரு லாரிக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததை அப்பா தூக்கிவந்தார். பெயர் எதுவும் வைக்கவில்லை. "வா நைனா" என்பார், வரும். தெருப் பிள்ளைகள் முதுகில் ஏறினாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

போன வருடம் அது மாறத் தொடங்கியது. ஓயாமல் தலையை உதறியது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே நடந்தது. ஹாரன் அடித்தால் லாரியைத் துரத்திக் குரைத்த நாய், ஹாரன் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. எலும்பை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. தலையைத் தடவ வந்த பிள்ளையிடம் உறுமியது. காதுப் பக்கம் போனால் நாற்றம்.

எங்கள் பக்கத்தில் நாய்க்கு எது வந்தாலும் மருந்து ஒன்றுதான்: லாரியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயில். சொறிக்கும் அதுதான், புண்ணுக்கும் அதுதான். மாமா ஞாயிறுதோறும் நாயின் வாயைக் கயிற்றால் கட்டி, காதில் அந்தக் கறுப்பு ஆயிலை ஊற்றுவார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். "எங்கப்பன் காலத்துலேர்ந்து ஊத்திகினு கீறோம், இன்னா ஆயிப்போச்சி?" என்பார். அம்மாவும் அவர் பக்கம்தான். அந்த ஞாயிறு கயிறு அவிழ்ந்துவிட்டது.

"காது வலியில கடிச்சிருக்கு மாமா" என்று சொன்னதற்குத்தான் எனக்கு அந்தக் கேள்வி.

"வலியாவது ஒண்ணாவது, வெறி புட்ச்சிகிச்சி" என்றார் ஒரு டிரைவர். "சனிக்கெழம எனக்குக் காட்டுப்பள்ளி போர்ட்டுக்கு லோடு கீது. வண்டில ஏத்திகினு போயி அங்கயே எறக்கி வுட்டுட்றேன்." எங்கள் தெருவில் பிடிக்காத நாய்க்கு வழக்கமாகச் செய்வது அது. போன நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

"சோறு போட்ட ஊட்டாளையே கடிக்குதே, இன்னா பண்றது" என்று அம்மா தலையாட்டினாள்.

முதலில் மாமாவின் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். ஊசியைப் பார்த்ததும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயோ, மெதுவா சிஸ்டர்!"

"வாயைக் கட்டவா மாமா?" என்றேன். அவர் மறுபடி உட்கார்ந்து கையை நீட்டினார்.

மறுநாள் நாயை ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா காதுக்குள் டார்ச் அடித்ததுமே அது வீரிட்டது. "ரொம்ப நாள் சீழ். உள்ளே வீங்கி அடைச்சிருக்கு. போதாததுக்கு ஆயில் வேற ஊத்திப் புண்ணாக்கியிருக்கீங்க. வெறி மாதிரித் தெரியலை, இருந்தாலும் வீட்டிலேயே கட்டி வெச்சிக் கவனிங்க. தினம் தினம் இப்படி வலிச்சா எந்த நாய்க்கும் குணம் மாறத்தான் செய்யும்." காதில் சொட்டு மருந்து விட்டால் வலி குறையும், ஆனால் இந்த நோய் விட்டு விட்டுத் திரும்ப வரும், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னதும், "அப்ப எதுக்கு அத்த வெச்சிகினு அவஸ்தப்படணும்?" என்றாள் அம்மா.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியே முதுகு போனவர். சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்தால் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவோம். தட்டைத் தள்ளிவிட்டால்கூட "பாவம், முதுகு வலி" என்போம். அதைத்தான் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா கத்தினா வலின்னு சொல்ற. அது உறுமினா மட்டும் வெறியா?"

சுவரில் சாய்ந்திருந்த அப்பா மெதுவாக நிமிர்ந்தார். "என்னியும் காட்டுப்பள்ளில எறக்கி வுட்டுடுவீங்க போலகீதே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

தெரு மாறவில்லை. மருந்து விட ஆரம்பித்த பிறகு நாய் எலும்பைக் கடிக்கத் தொடங்கியதை நான் சொன்னால், "கைய கடிக்காம இருந்தா சரி" என்றார்கள். பேசத் தெரியாத வாயிடம் யாருக்கும் பொறுமை கிடையாது. வலிக்கிற காதுக்கு ஆயில் உண்டு. இதுவா நியாயம்?

சனிக்கிழமை அம்மா போன் செய்தாள். "டிரைவரு கயித்தோட வந்து நிக்கிறாருடி. நாயி எங்க?"

"என் மடியில கீது" என்றேன். ஆட்டோ மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. "காது கழுவக் கூட்டியாந்திருக்கேன். அவரை லோடு ஏத்திகினு கெளம்பச் சொல்லு."